எழுபது கிலோமீட்டரில் எழுந்த அதிர்வு

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கும் தக்கலைக்கும் போய்வரும் வண்டிக்கு எழுபது கிலோமீட்டர் வேகம் தேவைப்படுவதே இல்லை. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்; வளைவு இல்லாத இடத்தில் சந்தையோ பள்ளிக்கூடமோ இருக்கும். ரப்பர் விளையிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, ஷீட் ஏற்றிவரும் என் பழைய டீசல் ஜீப் ஐம்பதைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால், அதற்குள் இருந்த ஒரு கோளாறு எட்டு மாதங்கள் என் கண்ணில் படாமலேயே கிடந்தது. ஆடி மாதத்தில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு புறப்பட்டு, தோவாளையும் ஆரல்வாய்மொழியும் கடந்து முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோதுதான் வண்டி நடுங்கத் தொடங்கியது.

முதலில் காற்றின்மேல் பழியைப் போட்டேன். அந்த மாதத்தில் கணவாய் வழியே மேற்கிலிருந்து பாயும் காற்று, உயரமான தகரக் கூடு கொண்ட ஜீப்பை ஓரத்துக்குத் தள்ளும் என்பது அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் மறுநாள் திரும்பி வரும்போது காற்றை எதிர்த்து ஓட்டியும் அதே வேகத்தில் அதே நடுக்கம் வந்தது. காற்றின் குற்றமாக இருந்தால் அது திசைக்கு ஏற்ப மாறியிருக்க வேண்டும்.

வண்டி முன்னும் பின்னும் உறுதியான அச்சும் இலைப்பட்டை ஸ்பிரிங்கும் கொண்டது. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும்; தேவைப்படும்போது, எஞ்சினின் இழுவையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கம்பியைப் போட்டு, முன்சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஃப்ரீ வீல் ஹப்புகளையும் கையால் பூட்டினால் நான்கு சக்கரமும் இழுக்கும். டயர் 215/75 ஆர் 15. அச்சுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 39 பற்கள், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 8 பற்கள். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பினியனுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட குழாயான புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.875 சுற்றுகள் சுற்றிவிடும். இந்தக் கடைசி எண்ணைத் தேடி எழுதிவைத்ததுதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

சாமான் எதையும் மாற்றுவதற்கு முன்னால், தோவாளையில் இருக்கும் மச்சான் வீட்டில் இரண்டு நாள் தங்கி, பூ ஏற்றிச் செல்லும் வண்டிகள் விடியற்காலையில் போய்த் தீர்ந்தபின், அதே நேர்ச்சாலையில் திரும்பத் திரும்ப ஓட்டினேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து போனின் ஜிபிஎஸ் வேகத்தைச் சொல்லச் சொல்ல நான் கவனித்தவற்றை அவரே ஒரு நோட்டில் எழுதினார். வண்டியின் மீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதால் அதை நம்பவில்லை. இப்படி ஓட்டியதில் தெரிந்த முதல் விஷயம், நான் ஒன்று என்று நினைத்திருந்த நடுக்கம் உண்மையில் இரண்டு என்பது. ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்டும் ஓர் உதறல் 60 முதல் 75 வரை இருந்தது. அதோடு கலந்து, ஆனால் அதிலிருந்து வேறாக, இருக்கையிலும் தரைத் தகட்டிலும் ‘ம்ம்ம்’ என்று முனகும் ஒரு நுண்ணதிர்வு 68க்கு மேல் எழுந்து 72ஐ ஒட்டி உச்சமடைந்து 78க்குப் பின் மங்கியது.

அதே 72 கி.மீ. வேகத்தில் கியரை மாற்றி எஞ்சினின் சுழற்சியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். இரண்டு அதிர்வும் இம்மியும் இடம் மாறவில்லை. நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டபோது ஸ்டீயரிங் உதறல் அப்படியே இருந்தது, தரை முனகல் மட்டும் பாதியாகக் குறைந்தது. எஞ்சின், கிளட்ச், எஞ்சின் கட்டை ரப்பர்கள் ஆகிய மூன்றையும் இத்துடன் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரங்கள் கட்டுப்பாடின்றி ஆடத் தொடங்கும் ஷிம்மி என்ற கோளாறு உறுதியான முன்னச்சு உள்ள வண்டிகளில் உண்டு. ஆனால் என் வண்டியில் பள்ளமே இல்லாத சாலையில், வேகத்தை மட்டும் கணக்காக வைத்து நடுக்கம் வந்து போனதால் அதுவும் இல்லை.

அடுத்தது கணக்கு. சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியின் முழு எடையும் அதன்மேல் இருக்க, ஒரு சுற்று உருட்டி அளந்ததில் 2.13 மீட்டர் வந்தது. மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு 20 மீட்டர்; சக்கரம் நொடிக்கு 9.4 சுற்று, ஷாஃப்ட் 45.8 சுற்று. சக்கரத்தில் எடைச்சமநிலை கெட்டால் அதிர்வு நொடிக்கு 9.4 முறை வரும். அதைக் கையால் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். ஷாஃப்ட்டின் சமநிலை கெட்டால் 45.8 முறை. ஷாஃப்ட்டை இரு முனையிலும் மடங்கிச் சுழலவிடும் மூட்டுகளான கிராஸ் ஜாயிண்டுகளின் கோணத்தில் தவறு இருந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வீதம் 91.6. ஸ்டீயரிங் உதறல் எண்ணக்கூடியதாகவும் தரை முனகல் எண்ண முடியாததாகவும் இருந்ததே போதுமான துப்பு. நான் அதை அப்போது உரிய மதிப்போடு எடுத்துக்கொள்ளவில்லை.

உதறலைச் சரிசெய்தது சுருக்கமான கதைதான், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு சக்கரங்களையும் கழற்றியபோது, இரண்டு ரிம்களின் உட்புற மடிப்பில் விளைப்பாதையின் செம்மண் சுட்ட செங்கல் போல இறுகிக் கிடந்தது. தண்ணீர் பீய்ச்சினால் போகாத அதை உளியால் சுரண்டி எடுத்தேன். அதன்பின் பேலன்சிங் செய்தும் உதறல் குறைந்ததே தவிரப் போகவில்லை. பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை அதன் நடுத்துளையில் கூம்பு நுழைத்துப் பிடிக்கிறது. என் ஜீப்பிலோ சக்கரத்தை மையப்படுத்துவது நடுத்துளை அன்று, 139.7 மி.மீ. வட்டத்தில் இருக்கும் ஐந்து ஸ்டட்களின் கூம்பு நட்டுகள்தான். நடுத்துளை துருவேறியோ நசுங்கியோ இருந்தால், இயந்திரம் ஒரு மையத்தைச் சுற்றிச் சமன்செய்யும், வண்டி வேறொரு மையத்தைச் சுற்றி ஓட்டும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு சக்கரத்தை அளந்தபின் கூம்பைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டி மறுபடி அளக்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் ஒரே எடையைக் கேட்டால் மையம் சரி. என் இடது முன்சக்கரம் முதல் முறை 20 கிராமும், திருப்பியபின் வேறோர் இடத்தில் 35 கிராமும் கேட்டது. நாகர்கோவிலில் ஸ்டட் துளைகளைப் பிடிக்கும் தகடு வைத்திருந்த ஒரு கடையைத் தேடிப் போய் நான்கையும் அதில் சமன்செய்தபின் ஸ்டீயரிங் அசையவில்லை. பேலன்சிங் மூன்று முறை செய்தும் பயனில்லை என்று சொல்பவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, இயந்திரம் சக்கரத்தை எதில் பிடித்தது என்பதைத்தான்.

தரை முனகல் அப்படியே இருந்தது.

இங்கேதான் நான் வழிதவறினேன். அதிர்வை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, போனை இருக்கையின் கீழே தரைத் தகட்டோடு இறுகக் கட்டி ஓட்டினேன். 72 கி.மீ. வேகத்தில் வரைபடத்தின் உச்சி 8 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 8 அதிர்வுக்கு, சற்று மேலே நின்றது. சக்கரத்தின் 9.4க்கு இது பக்கத்தில் இருக்கிறதே, ஜிபிஎஸ் சற்றுப் பிசகியிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் டயர்களை இடம் மாற்றுவதிலும் வீல் பேரிங்குகளைக் கழற்றிக் கிரீஸ் வைப்பதிலும் செலவழித்தேன். எந்த மாற்றமும் இல்லை.

தவற்றைக் காட்டிக்கொடுத்தது மச்சானின் நோட்டு. 68இல் 13க்குச் சற்று மேல், 72இல் 8க்குச் சற்று மேல், 76இல் 3க்குச் சற்று மேல் என்று அவர் எழுதி வைத்திருந்த மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோது, வேகம் கூடக்கூட அதிர்வெண் குறைகிறது என்பது தெரிந்தது. வண்டியில் எந்தச் சாமானும் வேகம் கூடும்போது மெதுவாகச் சுழலாது. என் போனின் உணரி நொடிக்கு 100 முறை மட்டுமே அளவெடுக்கிறது. அப்படி அளவெடுக்கும் கருவி 50க்குக் கீழுள்ள அதிர்வுகளைத்தான் உள்ளபடி காட்டும், அதற்கு மேல் 100 வரை உள்ளவை 100லிருந்து கழித்த எண்ணாக மடிந்து தோன்றும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். 72இல் 8.4 என்றால் உண்மையான அதிர்வு 91.6. ஷாஃப்ட்டின் சுழற்சியில் சரியாக இரண்டு மடங்கு. உறுதிசெய்துகொள்ள, அதிர்வு உணரியை விட்டுவிட்டு மைக்கில் ஒலிப்பதிவு செய்து அலசியதில், 91க்கும் 92க்கும் இடையே ஒரு கூரிய உச்சி நின்றது. கிரவுன் பினியனின் பற்கள் சரியாகக் கடிக்காமல் எழும் ஓசையாக இருந்தால், பினியனின் 8 பற்கள் காரணமாக அது 366இல் வந்திருக்கும். அங்கே எதுவும் இல்லை.

ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு என்றால் கிராஸ் ஜாயிண்ட். ஆனால் ஜீப்பில் இரண்டு ஷாஃப்ட்டுகள் உண்டு, எந்த ஷாஃப்ட் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது, சாதாரணக் காரில் அது கிடையாது. முன் ஹப்புகளைப் பூட்டாமல் பின்சக்கர இழுவையில் ஓட்டினால் முன் ஷாஃப்ட் நின்றுவிடும். ஹப்புகளை மட்டும் பூட்டினால் சக்கரங்களோடு சேர்ந்து அதுவும் சுழலும். இரண்டு விதமாகவும் ஓட்டியதில் முனகல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே பின் ஷாஃப்ட்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, ஹப்புகளைப் பூட்டி, நான்கு சக்கர இழுவையில் போட்டு முன்சக்கரங்களால் மட்டும் ஓட்டினேன்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் இடம்தரும் பல்வைத்த செருகல்தான் ஸ்லிப் ஜாயிண்ட்; என் வண்டியில் அது ஷாஃப்ட்டிலேயே இருக்கிறது. இரு முனையும் ஃபிளாஞ்ச் என்ற தட்டில் போல்ட்டால் பூட்டப்பட்டவை. ஸ்லிப் ஜாயிண்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழையும் வண்டிகளில் ஷாஃப்ட்டை உருவினால் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். இரண்டாவது, ஹேண்ட்பிரேக். இந்தப் பழைய ஜீப்பில் அது பின்சக்கர டிரம்மில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றியபின் அந்த பிரேக்குக்கும் பின்சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் அந்த வண்டியின் அடியில் யாரும் படுக்கக் கூடாது.

முன்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்பட்டு 72இல் ஓடிய வண்டியில் முனகல் இல்லை. காற்றாலை இறக்கைகளின் வீச்சு ஓசை கேட்கும் அளவுக்கு அமைதி.

கழற்றிய ஷாஃப்ட்டை மச்சான் வீட்டு முற்றத்தில் இரண்டு செங்கற்கள்மேல் வைத்து ஆராய்ந்தேன். கிராஸ்களில் ஆட்டம் இல்லை, பேரிங் கப்புகளில் துரு இல்லை, குழாயில் நசுங்கலோ பெயர்ந்து விழுந்த எடைத்தகட்டின் தடமோ இல்லை. ஷாஃப்ட்டே கோணலாக இருக்கலாம், லேத்துக்குக் கொண்டுபோய்ச் சுழற்றிப் பார்ப்போம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மச்சானுக்குப் பழக்கமான மேஸ்திரி ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். ஷாஃப்ட்டின் ஒரு முனையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுமுனையைப் பார்த்தார்.

“இது ரண்டும் ஒரே நேருல இல்லியே மக்களே, ஆரு மாட்டுனது?”

“நான்தான், மேஸ்திரி.”

கார்த்திகையில் இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கும் புதிய கிராஸ்களை நானே வீட்டில் போட்டேன். முதலில் முன் ஷாஃப்ட்; அதை முடித்துப் பின் ஷாஃப்ட்டைப் பிரித்தபோது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, கிரீஸ் படிந்த கையோடு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஸ்லிப் ஜாயிண்ட்டைச் செருகினேன். அதன் இரு பாதிகளிலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டிய அம்புக்குறிகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். பழைய பெயின்ட்டின் அடியில் அவை தென்படாததால், கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று முடிவுசெய்துவிட்டேன். ஸ்லிப் ஜாயிண்ட்டில் 16 பற்கள். ஒரு பல் மாறிச் செருகினால் 22.5 பாகை பிசகும்.

இந்தப் பிசகு ஏன் இவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கோணத்தில் இயங்கும் ஒரு கிராஸ் ஜாயிண்ட், சீராக வரும் சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தியும் இரண்டு முறை பிந்தியும் தள்ளுகிறது. கோணம் 6 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ அரை சதவீதம். ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே அளவு ஏற்ற இறக்கத்தை எதிர்மறையாகச் சேர்த்து முன்னதை அழித்துவிடுவதால்தான் பினியனுக்குச் சீரான சுழற்சி போய்ச் சேர்கிறது. அதற்கு, நடுக்குழாயின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருக்க வேண்டும். கவைகள் 22.5 பாகை பிசகினால், கணக்குப்படி ஒரு கிராஸின் ஏற்ற இறக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் அழியாமல் மிஞ்சுகிறது. ஒரு பல் பிசகு என்பது காதுக்குச் சிறிதாகக் கேட்கிறது. உண்மையில் இரண்டாவது கிராஸ் இருந்தும் அது செய்யும் வேலை கால்வாசிகூட இல்லை என்ற நிலைதான் அது. ஐம்பது கி.மீ. வேகத்தில் இந்தக் கிறுகிறுப்பை ஸ்பிரிங்குகளும் ரப்பர் கட்டைகளும் விழுங்கிவிடுகின்றன. 72ஐ ஒட்டித் தரைத் தகட்டின் சொந்த அதிர்வோடு அது ஒத்துப்போகும்போதுதான் முனகலாகிறது என்று நினைக்கிறேன்.

மண்ணெண்ணெயில் கழுவி, கம்பிப் பிரஷ்ஷால் பெயின்ட்டைத் தேய்த்ததும் இரண்டு அம்புகளும் வெளிப்பட்டன. சரியாக ஒரு பல் இடைவெளி. உருவி, பற்களின் கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்து, அம்புகளை நேர்நிறுத்திச் செருகினேன். பின் ஸ்பிரிங்கில் ஷீட் பாரத்துக்காக நான் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருப்பதைப் பார்த்த மேஸ்திரி, பினியனின் மூக்கு தூக்கியிருக்கும், அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்கலாம் என்றார். அது நியாயமான சந்தேகம்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாமல் போகும். வண்டியைச் சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, வழக்கமான பாரத்துக்கு ஈடாகச் சாக்குகளை ஏற்றி, இரண்டு ஃபிளாஞ்சுகளின் முகத்திலும் கோணமானியை வைத்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சு பின்னோக்கி 4 பாகை தாழ்ந்திருந்தது, பினியனின் மூக்கு முன்னோக்கி 3.2 பாகை உயர்ந்திருந்தது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு பாகைக்குள் இருந்ததால் ஆப்பு வேண்டாம் என்று சொன்னேன். மேஸ்திரி அளவைத் தாமே ஒருமுறை எடுத்துப் பார்த்தபின் ஒப்புக்கொண்டு, சாயா குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை அதே சாலையில் 60 முதல் 80 வரை மெதுவாக ஏற்றி இறக்கி ஓட்டினேன். முனகல் இல்லை. 91இல் நின்ற உச்சி ஒலிப்பதிவில் மற்ற இரைச்சலோடு கலந்து காணாமல் போயிருந்தது. 85ஐத் தாண்டும்போது பின்புறத்தில் மெல்லிய ஒரு துள்ளல் மிச்சமிருக்கிறது. டயல் கேஜை டயரின் நடுப்பட்டையில் வைத்துச் சுற்றியதில் ஒரு டயர் 1.8 மி.மீ. வட்டம் பிசகியிருந்தது. அதை ஸ்டெப்னியாக மாற்றிவிட்டு, ஸ்டெப்னியைக் கீழே போட்டேன். இந்த வண்டி 85இல் ஓட வேண்டிய நாள் எப்போது வரும் என்று தெரியாததால் அதற்கு மேல் கவலைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்லிப் ஜாயிண்ட்டின் இரு பாதிகளையும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். பின் ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டியபோதே முன் ஷாஃப்ட்டில் குறையில்லை என்பது தெரிந்துவிட்டதுதான். ஆனாலும் பிரஷ் கையில் இருக்கும்போதே முன்னால் தவழ்ந்து போய் அதையும் துடைத்துப் பார்த்தேன். அம்புகள் நேராகவே இருந்தன. அது மழைக்கு முன்னால் பூட்டியது.